நேரடி இரண்டாமாண்டு அமெரிக்காவில் உண்டா?

அடுத்த தெருவில் இருக்கும் சிவகாசிக்காரர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, நேரடி இரண்டாமாண்டில் பி.இ. சேர்ந்தவர். இன்று கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் வீடு, கார், வீட்டுக் கடன் எல்லாம் அவருக்கு உண்டு. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச் மாதம் பல்கலைக்கழகங்களின் முடிவுகள் வந்து முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட்ட இடங்கள் கிடைக்கவில்லை. கிடைத்த இடமோ விடுதியும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு நாற்பதாயிரம் டாலரைத் தாண்டுகிறது.

"அக்கா, சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து அசோசியேட் பட்டம் வாங்கினால், அதை வைத்து இளங்கலைக்குப் போய்விடலாம் என்கிறார்கள். நம் ஊர் டிப்ளமோ மாதிரிதானே?" என்றார்.

சமுதாயக் கல்லூரி என்பது உள்ளூர் அரசுக் கல்லூரி; அசோசியேட் என்பது அங்கே வாங்கும் இரண்டாண்டுப் பட்டம். அதை வைத்து இளங்கலைக்குப் போகலாம். ஆனால் நம் ஊர் டிப்ளமோ மாதிரி அல்ல. இந்த ஊரில் இதைப் பற்றி யோசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் சறுக்குவது இந்த ஒப்புமையில்தான். எங்கள் வீடும் அங்கேதான் சறுக்கியது.

நம் ஊரில் டிப்ளமோ சான்றிதழ்தான் நுழைவுச்சீட்டு. மதிப்பெண்ணும் பிரிவும் சரியாக இருந்தால் கலந்தாய்வில் இரண்டாமாண்டு இடம். டிப்ளமோவில் படித்த எந்தத் தாள் பி.இ. முதலாண்டின் எந்தத் தாளுக்குச் சமம் என்று ஒவ்வொன்றாக யாரும் எடை போடுவதில்லை. மூன்றாண்டுப் படிப்பு மொத்தமாக ஓராண்டுக்கு ஈடு என்று கணக்கு முடிந்துவிடும். அமெரிக்காவில் பெரும்பாலும் பட்டத்தை யாரும் மொத்தமாக வாங்கிக்கொள்வதில்லை. பாடம் பாடமாக நிறுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில், அந்தத் துறையில், அந்தப் பாடத்துக்கு நிகர் இருக்கிறதா என்பதே கேள்வி. ஆக, "அசோசியேட் பட்டம் இளங்கலைக்குக் கொண்டுபோகுமா?" என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தத் துறைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு பட்டங்கள்

அசோசியேட் பட்டம் பிறந்ததே இளங்கலையின் முன்பாதியாகத்தான். அமெரிக்காவில் 1900 வாக்கில் சிகாகோ பல்கலைக்கழகம் முதன்முதலில் அதை வழங்கியது. அப்போதைய தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் இளங்கலையின் முதல் இரண்டு ஆண்டுகளைத் தனியே பிரித்து நடத்தலாம் என்று நினைத்தவர். அடுத்த ஆண்டே இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் அந்த வகையில் முதல் அரசுக் கல்லூரி தொடங்கியது. தச்சு, மோட்டார் பழுதுபார்ப்பு, சமையற்கலை, மருத்துவ உதவியாளர் பயிற்சி எல்லாம் பின்னால் வந்து அதே குடைக்குள் சேர்ந்துகொண்டன.

அதனால் இன்று ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பனையாகிறது. ஏஏ (கலை), ஏஎஸ் (அறிவியல்) என்பவை மேற்படிப்பை மனத்தில் வைத்து அமைந்த அசோசியேட் பட்டங்கள். ஏஏஎஸ் (பயன்முறை அறிவியல்) என்பது கைத்தொழில் சார்ந்தது. படித்ததும் வேலைக்குப் போவதற்கானது. ஏஏவோடு ஓர் எஸ் கூடினால் இரண்டு ஆண்டு வீணாகலாம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஏஏஎஸ் முடித்து இளங்கலைக்குப் போனால், அதன் தொழிற்பாடங்களில் பெரும்பகுதி கணக்கில் வராமல், கிட்டத்தட்ட முதலாண்டிலிருந்தே தொடங்க நேரலாம். விதிவிலக்கு செவிலியர் படிப்பு. அசோசியேட் முடித்து, உரிமத் தேர்வு எழுதி, செவிலியராக வேலை பார்த்துக்கொண்டே இளங்கலையை முடிக்கும் பாதை நாடெங்கும் நன்றாக மிதிபட்ட பாதை. செவிலியராக விரும்பும் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அவ்வளவு தேவைப்படாது.

கல்லூரியின் அங்கீகாரமும் முக்கியம். விளம்பரம் செய்து ஆள் பிடிக்கும் லாபநோக்குக் கல்லூரிகளின் கிரெடிட்டுகளை, அதாவது முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகளை, அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. 2016 செப்டம்பரில் ஐடிடி டெக் நிறுவனம் நாடெங்கும் தன் வளாகங்களை ஒரே நாளில் மூடியபோது பல்லாயிரம் மாணவர்கள் கையில் கிரெடிட்டும் தலையில் கடனுமாக நின்றார்கள். அரசு சமுதாயக் கல்லூரியில் இந்த அச்சம் இல்லை.

கலிஃபோர்னியாவில் இரண்டு கதவுகள்

இந்த மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. கூபர்டினோவில் டி ஆன்சா, ஃப்ரீமாண்டில் ஓலோனி, சான்டா கிளாராவில் மிஷன் என்று நம்மவர்கள் வாழும் இடமெல்லாம் பத்து நிமிடத் தொலைவில் ஒன்று. சேர்க்கைக்குப் போட்டி கிடையாது. கிரெடிட்டை இங்கே யூனிட் என்பார்கள்; மாநிலத்தில் குடியிருப்போருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டாண்டுக்கான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். முதன்முறையாகக் கல்லூரிக்கு வரும் முழுநேர மாணவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் பல கல்லூரிகளில் உண்டு. புத்தகம், பார்க்கிங், மதியச் சாப்பாடு தனி.

இங்கிருந்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கதவுகள். கால் ஸ்டேட் என்று சுருக்கமாகச் சொல்லும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு ஒன்று. யூசி என்று எல்லோரும் சொல்லும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இன்னொன்று. இரண்டுக்கும் சாவி வேறு வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

கால் ஸ்டேட் கதவுக்குப் பட்டமே உறுதியான சாவி. 2010-இல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தின்படி "மாறுதலுக்கான அசோசியேட் பட்டம்" என்று தனியாக ஒன்றை வகுத்தார்கள்; ஏடிடி என்பார்கள். 60 யூனிட் முடித்து, ஜிபிஏ என்னும் சராசரி மதிப்பெண் குறைந்தது 2.0 வைத்திருந்தால் கால் ஸ்டேட் அமைப்பில் ஓர் இடம் உறுதி. அங்கே போனபின் அதே துறையோ நெருங்கிய துறையோ என்றால் இன்னும் 60 யூனிட்டில் இளங்கலை முடிந்துவிட வேண்டும் என்பதும் அதில் அடக்கம். நம் நேரடி இரண்டாமாண்டுக்கு மிக நெருங்கிய உறவுக்காரன் இதுதான். ஒரு நெருடல் மட்டும் உண்டு. இடம் உறுதி, எந்த வளாகம் என்பது உறுதி இல்லை. சான் ஹோசே ஸ்டேட் கணினி அறிவியலைப் போலக் கூட்டம் முட்டி மோதும் துறைக்கு விண்ணப்பித்துவிட்டு, வேறொரு வளாகத்துக்குக் கைகாட்டப்படலாம். வீட்டிலிருந்து போய் வரலாம் என்ற கணக்கு அப்போது கவிழ்ந்துவிடும்.

பொறியியலுக்கு இந்தப் பட்டம் நெடுங்காலமாக வகுக்கப்படவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கு, இயற்பியல், வேதியியல் என்று கட்டாயப் பாடங்களை அடுக்கினால் 60 யூனிட்டுக்குள் மூட்டை கட்ட முடிவதில்லை. பிள்ளை பொறியியல் படிக்க வேண்டும் என்று வந்து, "எந்த அசோசியேட் பட்டம் வாங்கட்டும்?" என்று கேட்கும் பெற்றோரிடம் பட்டத்தை மறந்துவிட்டுப் பாடப் பட்டியலைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

யூசி கதவில் அசோசியேட் பட்டம் பெரும்பாலும் தேவையே இல்லை. நம்மவர்களுக்கு இது நம்பவே முடியாத செய்தி. பட்டம் வாங்காமலேயே எத்தனையோ பேர் மூன்றாமாண்டில் சேருகிறார்கள். யூசி பார்ப்பது மூன்று: மாறுதலுக்கு ஏற்ற 60 செமஸ்டர் யூனிட் இருக்கிறதா, துறைக்கு முன்னேற்பாடாகக் கேட்ட பாடங்கள் முடிந்தனவா, ஜிபிஏ என்ன. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இவற்றை நிறைவேற்றும் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் தருகின்றன. டேக் என்பது அதன் செல்லப் பெயர். ஆறில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் இந்த ஏற்பாட்டில் இல்லை. நம் வீட்டு விருந்துகளில் அதிகம் அடிபடும் பெயர்கள் இவைதான் என்பது வேறு விஷயம். உத்தரவாதம் தரும் வளாகங்களிலும் சில, கணினி அறிவியல், பொறியியல் போன்ற துறைகளை வெளியே வைத்திருக்கின்றன.

உத்தரவாத விண்ணப்பம் இரண்டாம் ஆண்டு தொடங்கும் செப்டம்பரிலேயே போட வேண்டும். அப்போது கையில் இருப்பது முதலாண்டு மதிப்பெண் மட்டும். "முதல் வருடம் சும்மா பழகிக்கொள்ளட்டும், இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

வெப்பவியல் விழுந்த இடைவெளி

எங்கள் பெரியவன் இயந்திரவியல் படிக்க ஆசைப்பட்டான். முதலாண்டில் இயற்பியலின் முதல் பாடத்தை ஒரு கல்லூரியில் முடித்தான். அடுத்த பாடத்துக்கு அங்கே வகுப்பு நிரம்பிவிட்டது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் இடம் இருந்தது. அங்கே இருந்த ஆலோசகரிடம் கேட்டோம். "இயற்பியல் எங்கே படித்தாலும் இயற்பியல்தானே, சமாளித்துக்கொள்ளலாம்" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

முதல் கல்லூரியில் ஆண்டுக்கு இரண்டு பருவம் கொண்ட செமஸ்டர் முறை. இயற்பியலை மூன்றாக வெட்டியிருந்தார்கள். இரண்டாவது கல்லூரியில் மூன்று பருவம் கொண்ட குவார்ட்டர் முறை. அதே இயற்பியல் அங்கே நான்கு துண்டு. வெட்டிய இடங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. முதல் கல்லூரியில் வெப்பவியல் பின்னால் வருகிறது. இரண்டாவதில் அவன் சேர்ந்த பகுதிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே வெப்பவியல் விழுந்து காணாமல் போயிற்று. பல்கலைக்கழகம் தொடர் முழுமையாக இல்லை என்று சொல்லிவிட்டது. மூன்றாமாண்டு மாணவன் முதலாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வெப்பவியல் படித்தான். அதைச் சார்ந்த மூன்றாமாண்டுப் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போய், பட்டம் வாங்க இன்னும் ஒரு பருவம் கூடியது. ஆலோசகரைச் சொல்லிக் குற்றமில்லை என்று என் கணவர் சொல்வார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் பார்த்திருக்க வேண்டிய இடம் அசிஸ்ட் என்ற மாநில இணையதளம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சமுதாயக் கல்லூரி, பல்கலைக்கழகம், துறை மூன்றையும் தேர்ந்தெடுத்தால் திரை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம். வலப்பக்கம் கல்லூரியில் அதற்கு நிகரான பாடம். நிகர் இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதியிருக்கும். சில வரிகளில் இரண்டு மூன்று பாடங்களை ஓர் அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். அந்த அடைப்பைத்தான் நாங்கள் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து முடித்தால்தான் கணக்கில் வரும் என்பது அதன் பொருள்; பாதி அங்கே, பாதி இங்கே என்றால் பொருந்தாமல் போகலாம்.

எங்கள் கதை தனிக்கதை அல்ல. கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டுகளில் 43 விழுக்காட்டை இழக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. எல்லா வகைக் கல்லூரி மாறுதல்களும் அதில் அடக்கம்; அரசுக் கல்லூரியிலிருந்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போவோரின் இழப்பு அதைவிடக் குறைவு. நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரியில் சேருவோரில் 100-க்கு ஏறக்குறைய 80 பேர் இளங்கலை நோக்கத்தோடு வருகிறார்கள். மூன்றில் ஒருவர் அளவில்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார்கள். ஆறு ஆண்டுக்குள் இளங்கலை முடிப்பவர்கள் 16 பேர் அளவில். இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இரவு வேலை பார்ப்பவர்கள், கைக்குழந்தையோடு படிப்பவர்கள், ஆண்டுக்கு ஒரு பாடம் எடுப்பவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். வீட்டில் சோறும் அறையும் முழுநேரமும் கிடைக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. ஆனால் பாதை தானாக நடத்திக்கொண்டு போகாது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

நேராக நான்காண்டுக்குப் போனால்

மாநிலத்தவருக்கு யூசியில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15,000 டாலர். கால் ஸ்டேட்டில் 2025-26-க்கு 6,450. வளாகக் கட்டணங்கள் மேலே. தங்குவதும் சாப்பிடுவதும்தான் பணப்பையைக் கிழிக்கும். வீட்டிலிருந்தே கால் ஸ்டேட்டுக்குப் போய்வர முடிந்தால், சமுதாயக் கல்லூரிக்கும் அதற்குமான கல்விக் கட்டண வித்தியாசம் இரண்டு ஆண்டில் சுமார் பத்தாயிரம் டாலர்தான். அந்த நிலையில், விரும்பிய துறையிலேயே கால் ஸ்டேட் முதலாண்டு இடம் கையில் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். யூசி விடுதி வாழ்க்கையோடு ஒப்பிட்டால்தான் மிச்சம் பெரிதாகத் தெரிகிறது.

பணத்தில் வராத கணக்கும் உண்டு. முதலாண்டிலேயே போகும் பிள்ளைக்குப் பட்டத்துக்கு முன் மூன்று கோடை விடுமுறைகள் அந்த வளாகத்தின் பெயரோடு கிடைக்கின்றன. மாறிப் போகும் பிள்ளைக்கு ஒன்றுதான். ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ பெட்டியோடு போய் இறங்கிய சில வாரங்களுக்குள் அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் நேர்காணல்கள் தொடங்கிவிடும். நூலகம் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் வேலைக் கண்காட்சி. மேலும், பெர்க்லியும் மெர்செட்டும் தவிர மற்ற யூசி வளாகங்கள் பத்து வாரக் குவார்ட்டர் முறையில் ஓடுகின்றன. நிதானமான செமஸ்டருக்குப் பழகியவன் மூன்றாம் வாரத்தில் இடைத்தேர்வைப் பார்த்து ஆடிப்போகிறான். முதல் பருவ மதிப்பெண் சரிவது வழக்கமான கதை. அப்புறம் நிமிர்ந்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. என்ன படிப்பது என்று தெரியாத பிள்ளை, யூனிட்டுக்கு 46 டாலரில் குழம்புவது நல்லது. அதே குழப்பத்தை யூசி விலையில் செய்ய வேண்டாம். யூசிக்குள் போனபின் கணினி அறிவியல் போன்ற துறைக்கு மாறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வேறு துறையில் நுழைவது பல வளாகங்களில் நடக்காத காரியம். இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒரு மாறுதல் மாணவர் என்ற விகிதத்தில் சேர்க்க வேண்டும் என்பது யூசியின் இலக்கு. அந்தக் கதவு பெயருக்கு வைத்த கதவு அல்ல.

சமுதாயக் கல்லூரியே இளங்கலை தரும் ஏற்பாடும் இங்கே வளர்ந்துவருகிறது. ஃபுட்ஹில் கல்லூரியின் பல் சுகாதாரப் படிப்பு ஓர் எடுத்துக்காட்டு. நான்காண்டுக்கும் கட்டணம் சுமார் 10,000 டாலர். கால் ஸ்டேட்டோ யூசியோ நடத்தாத துறைகளுக்கு மட்டுமே அனுமதி என்பதால் பட்டியல் சின்னது. பிள்ளையின் விருப்பம் அதில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மாநிலம் மாறினால் விதியும் மாறும்

டல்லாஸில் இருக்கும் என் தங்கை நான் சொல்வதைக் கேட்டு அங்கே அசிஸ்ட் தளத்தைத் தேடினாள். அது கலிஃபோர்னியாவுக்கு மட்டும் உரியது. டெக்சஸில் 42 கிரெடிட் கொண்ட பொதுப்பாடத் தொகுதி முடித்தால் அரசுப் பல்கலைக்கழகங்கள் அதை மொத்தமாக ஏற்கும். துறைப் பாடங்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும். நியூ ஜெர்சியில் 2007 சட்டத்தின்படி ஏஏ, ஏஎஸ் பட்டங்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களில் முழுமையாக ஏற்கப்படுகின்றன. ஏஏஎஸ் அதில் சேராது. புளோரிடாவில் ஏஏ பட்டம் வாங்கியவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. அங்கும் விரும்பிய வளாகமும் துறையும் உறுதி இல்லை. நியூ ஜெர்சியின் எடிசனில் இருப்பவரின் அனுபவத்தைக் கேட்டு ஃப்ரீமாண்டில் முடிவெடுப்பது ஆகாது.

விசா கணக்கும் உண்டு. கலிஃபோர்னியாவில், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளை குடியிருப்பு விதிகளை நிறைவேற்றினால் மாநிலக் கட்டணம் பெறலாம். 21 வயதில் அந்த விசா முடியும் என்பதால் படிப்பு ஒரு பருவம் நீண்டாலும் வலிக்கும். எஃப்1 என்னும் மாணவர் விசாவில் ஊரிலிருந்து வரும் மாணவருக்குக் கட்டணம் பல மடங்கு. அவர்களுக்கு அசோசியேட்டோடு நின்றால் ஓராண்டு வேலை அனுமதி கிடைக்கலாம். அறிவியல் தொழில்நுட்பத் துறையினருக்கான 24 மாத நீட்டிப்பு இளங்கலையிலிருந்துதான் தொடங்குகிறது. மாறுவது அவர்களுக்கு விருப்பம் அல்ல, கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிவகாசிக்காரர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். மகளுக்கு உளவியல் ஆசை. அப்பாவுக்குக் கணினி அறிவியல் ஆசை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தோம். உளவியலுக்கு ஏடிடி பட்டம் இருக்கிறது. ஓலோனியைத் தேர்ந்தெடுத்து டேவிஸ் வளாகத்தையும் பார்த்தோம்; நடுங்க வைக்கும் பட்டியல் அல்ல. உளவியல் என்றால் அவளுக்கு இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன. நான் அதையே சொன்னேன்: முதலாண்டில் இரண்டு கதவுக்கும் பொதுவான பாடங்களை எடுக்கட்டும், கிடைத்திருக்கும் நாற்பதாயிரம் டாலர் இடம் உளவியலுக்கு வேண்டாம்.

"கணினியையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே" என்றார். மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டே தட்டினாள். கணக்கு மட்டுமே திரையில் பாதியை அடைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். "அக்கா, கடைசியில் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கும்?"

"பல்கலைக்கழகத்தின் பெயர்தான்."

"முதல் இரண்டு வருடம் எங்கே படித்தாள் என்று?"

"சான்றிதழில் இருக்காது. மதிப்பெண் பட்டியலில் கேட்டால்தான் தெரியும்."

செருப்பை மாட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "என் பி.இ. சான்றிதழிலும் பாலிடெக்னிக் பெயர் இல்லை" என்றார். மகள் அதற்குள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.